ஐந்து கேள்விகளுக்கு ஒரே கோடு

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுக்கும்படி மையத்தில் கேட்டார்கள். முப்பது ஆண்டுக்கு மேல் பிசியோவாக இருந்தவன், குணமாகி நடந்துபோனவர்களைப் பற்றி எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். நடந்துபோனவர்கள் என்னால்தான் நடந்தார்கள் என்று எனக்கு உறுதியில்லை. பாதிப் பேர் நான் ஒன்றும் செய்யாமல் இருந்திருந்தாலும் நடந்திருப்பார்கள். உறுதியாகத் தெரிந்த ஒன்றைத்தான் எழுத முடியும். அது ஒரு செவ்வாய்க்கிழமைக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் இடையில் நடந்தது.

எனக்குத் தேதி குறித்துவைக்கும் பழக்கம் உண்டு. எந்த நாளில் மழை பெய்தது, யார் எத்தனை மணிக்கு வந்தார், என்ன சொன்னார் என்றெல்லாம் எழுதிவைத்த நோட்டுகள் வீட்டில் ஒரு அலமாரி நிறைய இருக்கின்றன. ஈப்போவைப் பற்றியும் சுற்றியுள்ள பழைய ரப்பர் தோட்டங்களைப் பற்றியும் கேட்க ஆட்கள் என்னிடம் வருவதுண்டு. குறிப்பு எழுதுவதில் நான் தவறுவதில்லை என்று ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயருக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்ட கதை இது.

முதலில் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது ஆண்டு, ஹுத்தான் மெலிந்தாங் பக்கத்திலிருந்து ஒரு பெண் இடுப்பு வலியோடு வந்தார். கூடவே அவருடைய அண்ணன். நான் பாடப்புத்தகத்தில் இருந்த கேள்விகளை ஒன்று விடாமல் கேட்டேன். சிறுநீர் கழிப்பதில் சிரமம் உண்டா, மலம் கட்டுப்படுகிறதா, பிறப்புறுப்புப் பக்கம் உணர்ச்சி குறைந்திருக்கிறதா. கடைசிக் கேள்வி முடிவதற்குள் அந்த அண்ணன் எழுந்து என் சட்டையைப் பிடித்துவிட்டார்.

"என்னா கேள்வி கேக்குற நீ? முதுகு வலின்னுதானே வந்தோம்? ஒன் தங்கச்சிகிட்ட இப்படிக் கேப்பியா?"

அவர்கள் திரும்ப வரவில்லை. அங்கே எனக்கு மேலே இருந்த மூத்தவர், கெட்டிக்காரர், தோட்டத்து ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப்போடும் டிரஸ்ஸராக இருந்து வந்தவர், சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"நம்ம பொம்பளைங்ககிட்ட அதெல்லாம் கேக்காதய்யா. ஏதாச்சும் இருந்தா அவங்களே சொல்லுவாங்க. நீ கேட்டின்னா அடுத்த தடவ வரமாட்டாங்க. வரலன்னா என்னா வைத்தியம் பாப்ப?"

அன்றைக்கு அது அனுபவம் பேசுவது போல இருந்தது. நான் அதைப் பிடித்துக்கொண்டேன். வேறு இனத்துப் பெண்களிடம் மலாயில் கேட்டேன். ஆண்களிடம் எந்த மொழியிலும் கேட்டேன். தமிழ்ப் பெண்களிடம் மட்டும் கேட்கவில்லை. நாங்கள் நிரப்பும் தாளில் அந்த ஐந்து கேள்விகளும் வரிசையாக இருக்கும். இரண்டு காலிலும் வலியோ பலவீனமோ, உட்காரும் இடத்தில் மரப்பு, சிறுநீர், மலம், காரணமில்லாத எடைக் குறைவு. ஒவ்வொன்றுக்கும் எதிரே 'ஆம்' 'இல்லை' என்று இரண்டு கட்டம். நான் 'இல்லை' கட்டங்களின் மேல், மேலிருந்து கீழே ஒரே கோடாக இழுத்துவிடுவேன். இருபது ஆண்டுக்கு மேல் அப்படி இழுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காததை என் அனுபவம் என்று எண்ணிக்கொண்டேன்.

செல்வமேரி அக்கா வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து நாற்பதுக்கு. அவரும் நானும் கோப்பெங் பக்கத்தில் ஒரே தோட்டத்தில் பிறந்தவர்கள். தோட்டம் துண்டாடப்பட்ட பிறகு இரண்டு குடும்பமும் வெவ்வேறு இடத்துக்குப் போயின. பிறகு ஈப்போவில் ஒரே கத்தோலிக்கக் கோயிலில் ஞாயிறு பூசைக்கு வருகிறவர்களாக மறுபடி சந்தித்தோம். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். நான் அக்கா என்பேன், அவர் தம்பி என்பார். அவர் கணவர் அந்தோணி அண்ணன் லோரி ஓட்டியவர், குரல் பெரியது, மனசில் கள்ளம் கிடையாது. அக்கா கையுறைத் தொழிற்சாலையில், எங்கள் பேச்சில் கிலாங்கில், பேக்கிங் வேலை. பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டே.

இடது பிட்டத்தில் தொடங்கி, தொடையின் பின்பக்கம், கெண்டைக்கால், பாதத்தின் வெளிவிளிம்பு வரை இழுத்த வலி. இருமினால் மின்சாரம் போலப் பாய்கிறது என்றார். படுக்கவைத்துக் காலை நேராகத் தூக்கினேன். முப்பது பாகைகூடத் தூக்கமுடியவில்லை.

"வாயுதான் தம்பி," என்றார் அண்ணன். "ராத்திரி பூரா விசிறிக்கு நேரா படுத்தா வாயு பிடிக்காம என்னா செய்யும்? உடம்பு பிடிச்சு உருட்டு போட ஒரு மலாய்க்கார மக்சிக்கிட்ட கூட்டிட்டுப் போனேன். அந்தம்மா முதுகுல ஏறி மிதிக்காத கொறதான்."

"நீங்க சும்மா இருங்க," என்றார் அக்கா. "மிதிச்சது எனக்குத்தான வலிச்சுச்சு."

நான் நன்றாகத்தான் விளக்கினேன். அதையும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் நான் எல்லாவற்றிலும் சோம்பேறி என்று நினைத்து, இது உங்களுக்கு நேராது என்று விலகிக்கொள்வீர்கள். முதுகெலும்பின் கட்டைகளுக்கு நடுவே இருக்கும் தட்டு பிதுங்கி, காலுக்குப் போகும் நரம்பின் வேரை அழுத்துகிறது. அதனால்தான் கோளாறு இடுப்பில் இருக்க வலி காலில் தெரிகிறது. பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே தணியும். படுத்தே கிடக்கவேண்டாம், தாங்குகிற அளவுக்கு நடக்கவேண்டும். படம் வரைந்து காட்டினேன். அக்கா அந்தப் படத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். மையத்து டாக்டர் இரண்டு நாள் எம்சி, மருத்துவ விடுப்பு, கொடுத்தார்.

அன்றைக்கும் தாளில் கோடு இழுத்தேன். செவ்வாய்க்கிழமை அந்தக் கோடு தற்செயலாக உண்மையாக இருந்தது.

அடுத்து வந்தது வெள்ளிக்கிழமை. வெள்ளி எங்கள் மையத்தில் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். தொழுகைக்காகப் பன்னிரண்டே காலுக்கு மூடவேண்டும், அதற்குள் அரை நாள் வேலையை முடிக்கவேண்டும். மணி பதினொன்று இருபது. வெளியே நான்கு பேர் காத்திருந்தார்கள். பக்கத்து அறையில் நோராயினி, அப்போது உங்களைப் போலப் புதியவள், பக்கவாதம் வந்த ஒரு பெரியவரை நிற்கவைக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தாள். திரைக்கு அந்தப் பக்கத்துக் கட்டிலில் எங்கள் கோயில் பாடகர் குழுவில் பாடும் ஒருவர் தோள்பட்டைக்கு வெந்நீர்ப் பை வைத்துப் படுத்திருந்தார்.

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"எப்படி இருக்குக்கா?"

"வலி கொறஞ்சிருச்சு தம்பி. அந்த மின்சாரம் மாதிரி இழுத்தது இப்ப அவ்வளவா இல்ல."

"பாத்தியா!" என்றார் அண்ணன். "நான்தான் சொன்னேன்லா, தம்பி கைராசிக்காரன்னு. கிலாங்குக்கு நேத்து வேலைக்கே போயிட்டா."

நான் சிரித்தேன். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

"ஆனா இப்ப வலது காலும் ஒரு மாதிரியா இருக்கு தம்பி. பஞ்சு மேல நடக்குறாப்புல."

"மூணு நாளா ஒரு பக்கமாவே சாஞ்சு நடந்தா மறு காலு அலுக்காம என்னா செய்யும்?" என்றார் அண்ணன்.

நரம்பு வலியைப் பற்றிப் படித்துத் தேர்வு எழுதி, கருத்தரங்குகளில் உட்கார்ந்து எழுந்த நான், ஒரு லோரி ஓட்டுநர் சொன்ன காரணத்தை ஏற்றுக்கொண்டேன். அது வசதியாக இருந்தது. வலி குறைந்து மரப்பு கூடுவது குணமாவதில்லை என்று எனக்குத் தெரியும். இரண்டாவது காலுக்கும் வந்தால் நின்று யோசிக்கவேண்டும் என்றும் தெரியும். இவற்றை நான் மற்றவர்களுக்குப் பாடமாக நடத்தியிருக்கிறேன்.

"தம்பி, இன்னொண்ணு…" என்றார் அக்கா.

"என்னக்கா?"

அவர் அண்ணனைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். திரைக்குப் பின்னால் பாடகர் இருமினார்.

"ஒண்ணுமில்ல. டாக்டர் மறுபடி எம்சி தருவாரான்னு கேக்க வந்தேன்."

அந்த நிறுத்தம் எனக்குக் கேட்டது. அதை நான் கவனிக்கவில்லை என்று இன்றுவரை சொல்லிக்கொண்டதில்லை. அது எம்சி பற்றிய கேள்வி இல்லை என்று எனக்குத் தெரிந்தது. அண்ணனை வெளியே உட்காரச் சொல்லியிருக்கலாம். பத்து நிமிடம் பொறுத்திருந்தால் நோராயினி வந்து தனியாகக் கேட்டிருப்பாள், அக்காவுக்கு மலாய் நன்றாக வரும். நான் மணியைப் பார்த்தேன். கூடப்பிறந்தவர் போல இருக்கிறவரிடம் அந்தக் கேள்வியை எந்தச் சொல்லில் கேட்பது என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அந்த முகத்தை எப்படிப் பார்ப்பது என்று நினைத்தேன். இத்தனை நினைப்பதற்கு நேரம் இருந்தது. கேட்பதற்கு நேரம் இல்லை.

கோடு இழுத்தேன். மேலிருந்து கீழே. பதினொன்று முப்பத்தெட்டு என்று நேரமும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஞாயிறு பூசை முடிந்து மண்டபத்தில் பசியாற மீகூன் சேமியாவும் கோப்பியும் வைத்திருந்தார்கள். ஒன்பதே முக்கால் இருக்கும். நான் யாரிடமோ ஈயம் தோண்டிய பழைய லம்பத்தைப் பற்றி அளந்துகொண்டிருந்தேன். என் மனைவி வந்து முழங்கையைத் தொட்டாள்.

"ஏங்க, இங்க வாங்க. சத்தம் போடாதீங்க. மேரி அக்காவுக்குப் பின்பக்கம் சேலை நனஞ்சிருக்கு. மேல எதையும் ஊத்திக்கல. அவங்களுக்கே தெரியல."

அக்கா கோப்பித் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று யாருக்கோ குவளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். சிரித்துக்கொண்டிருந்தார். வெளிர் நீலச் சேலை. என் மனைவி தன் சால்வையை அவர் இடுப்பில் சுற்றி, குளிருக்குச் சுற்றுவது போலப் பேசிக்கொண்டே, மண்டபத்துக்குப் பின்னால் இருந்த சிறிய அறைக்கு அழைத்துப் போனாள். நானும் போனேன்.

"என்ன தம்பி, ரெண்டு பேரும் என்னைக் கடத்திட்டு வாரீங்க?"

"அக்கா, சேலை நனஞ்சிருக்கு. தெரியலயா?"

அவர் கையைப் பின்னால் கொண்டுபோய்த் தொட்டுப் பார்த்தார். கையைக் கண்ணெதிரே கொண்டுவந்து பார்த்தார். அப்போதுதான் அவர் முகம் மாறியது.

என் மனைவி அண்ணனைக் கூப்பிடப் போனாள். அப்போது கேட்டேன். வெட்கம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அரை நிமிடத்தில் எல்லாக் கேள்வியையும் கேட்டு முடித்தேன். வெள்ளிக்கிழமையும் அரை நிமிடம்தான் ஆகியிருக்கும்.

"ஒண்ணுக்கு வரமாட்டேங்குது தம்பி. வரணும்னு தோணவே இல்ல. முக்குனா கொஞ்சம் சொட்டுது. கிலாங்ல டாய்லெட்டுக்குப் போகணும்னா சூப்பர்வைசர்கிட்ட அட்டை வாங்கணும்லா, அதுக்காக எப்பவும் தண்ணி கொறச்சுத்தான் குடிப்பேன். அதான் வரலன்னு நெனச்சேன். நல்லதுதானேன்னு விட்டுட்டேன்."

"எப்பேர்ந்து?"

"வியாழக்கெழம. வேலை விட்டு உங்கண்ணன் மோட்டார்ல ஏத்திட்டு வந்தாரு. பின்னால உக்காந்தா சீட்டு இருக்கறதே தெரியல. காத்துல உக்காந்திருக்குற மாதிரி. ரெண்டு தடவ கையால தொட்டுப் பாத்தேன், உக்காந்திருக்கேனான்னு."

பிறகு, குற்றம் சொல்லும் குரலே இல்லாமல், சொன்னார்: "வெள்ளிக்கெழம சொல்ல வந்தேன். நீங்க கேக்கல. நானும் விட்டுட்டேன்."

வியாழக்கிழமை. தேதி குறிக்கிறவனுக்கு அந்த ஒரு சொல் போதும்.

இடுப்புக்குக் கீழே நரம்பு வேர்கள் குதிரைவால் போல ஒரு கற்றையாக இறங்குகின்றன. சிறுநீர், மலம், உட்காரும் இடத்தின் உணர்ச்சி எல்லாம் அந்தக் கற்றைக்குள் இருக்கிறது. பிதுங்கிய தட்டு அந்தக் கற்றையையே நசுக்கினால் நாள்கணக்கு போய் மணிக்கணக்கு வந்துவிடும். எவ்வளவு சீக்கிரம் வெட்டி அழுத்தத்தை எடுக்கிறார்களோ அவ்வளவு மிஞ்சும். சாதாரணக் கால் நரம்பு வலிக்காரர்களில் மிகச் சிலருக்கே இப்படி ஆகும். உங்கள் வேலை வாழ்க்கையில் இரண்டோ மூன்றோ பார்ப்பீர்கள். மற்றவர்கள் எல்லாரும் அந்த இரண்டு மூன்று பேரைப் போலவேதான் உள்ளே நடந்து வருவார்கள்.

அக்காவையும் அண்ணனையும் என் காரிலேயே ஏற்றிப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். அவசரப் பிரிவின் முகப்பில் இருந்தவர் "முதுகு வலி" என்று காதில் விழுந்ததும் பச்சைச் சீட்டை எடுத்தார். பச்சை என்றால் உட்கார்ந்து காத்திருக்கவேண்டும். நான் சீட்டை வாங்கவில்லை. இரண்டு காலும் மரத்திருக்கிறது, உட்காரும் இடத்தில் உணர்ச்சி இல்லை, சிறுநீர் தேங்கி வழிகிறது, இப்போதே டாக்டர் பார்க்கவேண்டும் என்று உரக்கச் சொன்னேன். பின்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்த ஒரு காரியம் நான் சரியாகச் செய்தது. ஐந்தாவது நிமிடம் அக்கா கட்டிலில் இருந்தார்.

வந்தது இளம் சீனப் பெண் டாக்டர். வேகமானவர், நிதானமும் இருந்தது. குழாய் போட்டதும் ஒரு லிட்டருக்கு மேல் சிறுநீர் இறங்கியது. அவ்வளவு நிரம்பியிருந்தும் அக்காவுக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை. எலும்பு மருத்துவரைத் தொலைபேசியில் கூப்பிட்டுக்கொண்டே, "எப்போது தொடங்கியது?" என்று மலாயில் கேட்டார்.

அந்தோணி அண்ணன் முந்திக்கொண்டார். "வெள்ளிக்கிழமை நம்ம தம்பி எல்லாம் கேட்டு எழுதினாரு டாக்டர். அப்ப ஒண்ணும் இல்ல."

டாக்டர் என்னைப் பார்த்தார். "வெள்ளியன்று இந்த அறிகுறிகள் இருந்தனவா?"

இப்போது இதைப் படிக்கும் உங்களுக்கு நான் என்ன சொல்லியிருக்கவேண்டும் என்று எளிதாகத் தெரியும். அண்ணன் என் தோளில் கை வைத்திருந்தார். ஓய்வுக்கு எனக்கு ஐந்து ஆண்டு இருந்தது. நான் சொன்னேன்: "என் பதிவில் 'இல்லை' என்று இருக்கிறது."

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. என் வாழ்நாளில் நான் சொன்ன மிகப் பெரிய பொய் அதுதான்.

டாக்டர் அக்காவிடம் குனிந்தார். "அம்மா, உங்களுக்கு எப்போதிலிருந்து?"

அக்கா என்னைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற கணவரைப் பார்த்தார். "நேத்துலேர்ந்து," என்றார்.

அன்று சாயங்காலமே அறுவை முடிந்தது. என் பொய்யால் ஞாயிற்றுக்கிழமை ஒரு நிமிடம்கூடத் தாமதமாகவில்லை. அதை நான் பல தடவை கணக்குப் போட்டுப் பார்த்து ஆறுதல் தேடியிருக்கிறேன். தாமதம் எல்லாம் வெள்ளி பதினொன்று முப்பத்தெட்டிலேயே முடிவாகிவிட்டிருந்தது. வலது கால் திரும்பியது. இடது பாதம் முழுதாகத் திரும்பவில்லை, நடக்கும்போது முன்பாதம் தரையில் தட்டும். சிறுநீர்ப் பையும் உட்காரும் இடத்து உணர்ச்சியும் வரவே இல்லை. நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை அலாரம் வைத்துக்கொண்டு, தானே குழாய் விட்டு எடுத்துக்கொள்ளவேண்டும். தொழிற்சாலையில் அதற்கு இடமும் கிடையாது, நேரமும் கிடையாது. வேலையை விட்டார். கொஞ்ச நாளில் கோயிலுக்கு வருவதையும் விட்டார்.

மூன்று வாரம் கழித்து ஒரு புதன்கிழமை மையத்தில் விசாரித்தார்கள். நிர்வாகி என் தாளை மேசையில் வைத்துப் புரட்டினார். "கேட்டிருக்கிறீர்கள், நேரம் போட்டிருக்கிறீர்கள், கையெழுத்தும் இருக்கிறது. இதற்கு மேல் யாராலும் எதுவும் செய்திருக்க முடியாது," என்றார். அறிக்கையில் ஒரு வரி எழுதினார்கள். நம் தொழிலில் அதை எழுதும் விதம் உங்களுக்குத் தெரியும். 'இல்லை' கட்டத்தில் கோடு இருந்தால், நோயாளி மறுத்தார் என்று எழுதுவோம். வெள்ளிக்கிழமை கேட்டபோது நோயாளி இந்த அறிகுறிகளை மறுத்தார். நான் கேட்காத கேள்விக்கு, அவர் சொல்லாத பதில்.

வெளியே வந்தபோது நோராயினி அந்தத் தாளின் நகலைக் கையில் வைத்திருந்தாள். கோப்பில் போட அவளிடம் கொடுத்திருந்தார்கள்.

"அங்கிள், அஞ்சு கேள்விக்கும் ஒரே கோடு," என்றாள் மலாயில், மெதுவாக.

அவள் அதைத் துளையிட்டுக் கோப்பில் செருகினாள். பிறகு என்னிடம் வேலை சம்பந்தமாக மட்டும் பேசினாள். வேறு ஊருக்கு மாற்றலாகிப் போகும் வரை, தன் தாள்களில் ஐந்து கட்டத்துக்கும் ஐந்து தனித்தனிக் குறி போட்டாள்.

விசாரணை முடிவை அந்தோணி அண்ணனிடம் சொல்லியிருந்தார்கள். அடுத்த ஞாயிறு கோயில் வாசலில் ஒரு பை நிறைய ரம்புத்தான் கொண்டுவந்து என் கையில் திணித்தார்.

"நம்ம வீட்டு மரம். வாங்கிக்க தம்பி. நீ கேட்டிருக்க, இவதான் வெக்கப்பட்டு மறச்சுட்டா. அறிவு வேணாம்? நான் தினம் ஏசுறேன், கேட்ட ஆளுகிட்ட வாயத் தொறந்து சொல்லியிருந்தா இன்னைக்கு இப்படிக் குழாயும் கையுமா நிப்பியான்னு."

சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். நான் பையை வாங்கிக்கொண்டேன். ஒவ்வொரு பருவத்திலும் கொண்டுவந்தார். ஒவ்வொரு பருவத்திலும் வாங்கிக்கொண்டேன்.

உங்களுக்குச் சொல்லித்தரும் அந்த வாக்கியம், "மோட்டார்ல உக்காந்தா சீட்டு தெரியுதா, இல்ல காத்துல உக்காந்த மாதிரி இருக்கா?" என்பது, நான் கண்டுபிடித்தது என்று சிலர் சொல்வதாகக் கேள்விப்பட்டேன். நல்ல வாக்கியம்தான். அக்காவிடமும் கேட்கலாம், அண்ணன் எதிரேயும் கேட்கலாம், யாரும் சட்டையைப் பிடிக்கமாட்டார்கள். மோட்டாரில் ஏறாதவர் நம் ஊரில் இல்லை. அது செல்வமேரி அக்காவுடைய வாக்கியம். அதைச் சொல்ல அவர் கொடுத்த விலையை நான் மறைத்துக்கொண்டு, வாக்கியத்தை மட்டும் என் பெயரில் பயிற்சி வகுப்புகளில் பயன்படுத்தினேன். கைதட்டினார்கள்.

ஓய்வு பெற்ற பிறகுதான் அவர் வீட்டுக்குப் போனேன். போன ஆண்டு, ஒரு சனிக்கிழமை. மூன்று பத்துக்குக் குனோங் ராபாட்டில் அவர்கள் வீட்டு வாசலில் காரை நிறுத்தினேன். சரியாக ஓய்வூதியம் வரத் தொடங்கிய பிறகு போனேன் என்பதை நீங்களே கவனித்திருப்பீர்கள்.

அண்ணன் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா தொங்கிய பாதத்தைப் பட்டையால் கட்டியிருந்தார். தேத்தண்ணி வந்தது. அது வைத்தது வைத்தபடி இருக்க, சொன்னேன். வெள்ளிக்கிழமை நான் கேட்கவே இல்லை என்று. கோடு மட்டும் இழுத்தேன் என்று. ஆஸ்பத்திரியில் அக்கா நேற்று என்று சொன்னது என்னைக் காப்பாற்றத்தான் என்றும், அதை நான் இத்தனை ஆண்டு ஏற்றுக்கொண்டு இருந்துவிட்டேன் என்றும் சொன்னேன். சொல்லும்போது குரல் தழுதழுத்தது. அதை நானே கொஞ்சம் ரசித்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

அக்கா குவளையைக் கீழே வைத்தார்.

"ஒங்களக் காப்பாத்தவா? அப்படியா நெனச்சீங்க?"

தலையால் அண்ணனைக் காட்டினார்.

"இவரு பக்கத்துல நின்னாரு தம்பி. வியாழக்கெழமன்னு சொன்னா, மூணு நாளா ஏன்டி மறச்சன்னு அங்கயே கத்துவாரு, அத்தன பேரு முன்னால. அதுக்குப் பயந்துதான் நேத்துன்னேன். அப்ப எனக்கு ஒங்க ஞாபகமே இல்ல." பாதத்துப் பட்டையை இழுத்துச் சரிசெய்தார். "எனக்கு வெக்கம். நான் படிக்காதவ. ஒங்களுக்கு என்னா?"

அதற்கு ஒரு பெயர் தேடினேன். கிடைக்கவில்லை.

"வேலை போனப்ப வந்து சொல்லியிருக்கலாம். இவரு ஊரு பூரா என்னைய ஏசிக்கிட்டுத் திரிஞ்சப்ப வந்து சொல்லியிருக்கலாம். நெறய நாள் இருந்துச்சு. நீங்கதான் தேதியெல்லாம் எழுதி வைப்பீங்களே."

அலமாரியின் மேலே கைப்பேசி அடித்தது. நான்கு மணி. அக்கா நாற்காலியின் கையை ஊன்றி எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, இடது பாதம் தரையில் தட்டத் தட்டப் பின்பக்கம் போனார். குளியலறைக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

அண்ணன் தொலைக்காட்சியை அணைத்தார்.

"கேக்கவே இல்லயா?"

"கேக்கலண்ணே."

"நீ கேட்டேன்னு எழுதியிருந்துச்சே."

"கேக்கலண்ணே."

அவர் என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அவர் என்னைத் தாண்டி நடந்து, சமையலறையைக் கடந்து, குளியலறைக் கதவுக்கு முன்னால் போய் நின்றார்.

"மேரி," என்றார்.

"என்னா?" உள்ளேயிருந்து குரல் வந்தது. "பத்து நிமிஷம் ஆகும்னு தெரியாதா? ஏன் கதவுகிட்ட வந்து நிக்கிறீங்க?"

அந்தப் பெரிய குரல் வரவில்லை. கதவில் உள்ளங்கையை வைத்தார்.

நான் வாசலுக்கு வந்து செருப்பை மாட்டினேன். திரும்பிப் பார்த்தபோது அவர் அப்படியே நின்றார். மணி நான்கு எட்டு.